வெண்மணி: நாவலும் கணக்கும்

குத்தம்பாக்கம் சமத்துவபுரத்தில், தலித் குடும்பமும் மற்ற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடொன்றின் வாசலில், ‘குருதிப்புனல்’ பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தோழர் ஒருவர் கொதித்தார்: ‘கூலிப் போராட்டத்த மிராசுதாரோட ஆண்மையின்மைப் பிரச்சினையா ஆக்கிட்டாரே, இது பொய்யில்லையா?’ இளைஞர் ஒருவர் மறித்தார்: ‘நாவல் என்ன எஃப்.ஐ.ஆரா, தோழர்?’

1975இல் வந்து 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். சண்டையும் அவ்வளவு பழசு. இளைஞரின் வாதம் எனக்கு உவப்பானதே, ஆனால் பாதிதான். 1968 டிசம்பர் 25 இரவின் தீயிலிருந்துதான் இந்திரா பார்த்தசாரதியின் பிரதி தன் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கடன் வாங்கிவிட்டு, கணக்குக் கேட்டால் ‘புனைவு’ என்று கைவிரிப்பதா?

கட்சி எழுத்துன்னாலே மிகை என்று முகம் சுளிப்பவர்களும் கொஞ்சம் நிற்கட்டும். இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 42. கட்சி சொன்னது 44, பெயர் பெயராக. பட்சம் சார்ந்தவன்தான் இங்கே ஒழுங்காக எண்ணினான். நடுநிலையின் பீடமான உயர் நீதிமன்றமோ, கார் வைத்திருக்கும் கனவான்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப மறுத்து 1973இல் விடுவித்தது. அதுவும் பாத்திரப் படைப்புதான்! இ.பா. படுக்கையறைக்குள் போய்க் காரணம் தேடினார்; நீதிபதிகள் கார் ஷெட்டுக்குள். கூடுதல் நெல் கேட்டது இரண்டு கதையாடலிலும் பின்னுக்குப் போய்விட்டது.

‘அப்ப நாவல் பொய்தானே?’ என்றார் தோழர். பொய்யென்று தள்ளிவிட்டால் வாசிக்கும் தொல்லையே இல்லை. எனக்கு அந்த வசதி இல்லை. டெல்லியிலிருந்து வந்த கோபால் அந்தக் கிராமத்தில் திகைத்து நிற்கிறானே, வெளியிலிருந்து எழுத வருகிறவனின் அந்தத் திகைப்பு நிஜம்.