மகரக்கட்டும் மயிலும்: குழந்தை நடிகைகளின் எழுதப்படாத பாடசாலை

2018 பிப்ரவரி 24 அன்று துபாயில் ஸ்ரீதேவி இறந்தபிறகு தமிழில் வந்த அஞ்சலிகளில் இரண்டு வாதங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, அவர் பிறவி நடிகை. கேமரா முன் நின்றதும் நடிப்பு தானாக வந்தது. இரண்டு, அவர் குழந்தைப் பருவத்தைப் பறிகொடுத்தவர். ‘மூன்றாம் பிறை’யில் நினைவிழந்து குழந்தையாக மாறிய விஜியில் நாம் பார்த்தது அந்த இழப்பைத்தான். இன்றுவரை ஒவ்வொரு நினைவுநாளிலும் இவை புதுக் கண்டுபிடிப்பு போல எழுதப்படுகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டும் தவறு என்பதோடு, இரண்டும் ஒரே அநியாயத்தைச் செய்கின்றன. ஒரு பெண் வருடக்கணக்கில் உழைத்துக் கற்ற தொழிலை ஒன்று பிறப்புக்குத் தானம் கொடுக்கிறது, மற்றொன்று சோகத்துக்குத் தானம் கொடுக்கிறது.

நடிக்க வந்த பையன்களைப் பற்றி நாம் இப்படி எழுதுவதில்லை. சிவாஜி கணேசனைப் பற்றிப் பேசினால், சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி வந்துவிடும். எம்.ஜி.ஆர். என்றால் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. என்.எஸ்.கிருஷ்ணன் என்றால் டி.கே.எஸ். சகோதரர்கள். பையனுக்குப் பாடசாலை, வாத்தியார், அடி, பசி, வளர்ச்சி எல்லாம் உண்டு. சிறுமிக்கு மட்டும் வரம் அல்லது சாபம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் தூத்துக்குடியில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். சிலகாலம் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர். இருபத்துநான்கு வயதில் அந்தக் கணக்கை மூடிவைத்துவிட்டு நாடகத்துக்குப் போனார். அன்றைய தூத்துக்குடி, நாடகம் தெரிந்தவனுக்கு மூலையில் கிடந்த ஊர் அல்ல. 1876இல் ரயில் வந்துவிட்டது. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை மதராஸிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கேதான் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினார்கள். உப்பும் பஞ்சும் முத்தும் போன வழியில் பாட்டும் வேஷமும் போயின. கரையோரக் கிறிஸ்தவ ஊர்களில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகம், உள்ளே போனால் கோயில் கொடைக்குக் கூத்து. பிற்பாடு இதே ஊர்தான் ஜே.பி.சந்திரபாபுவையும் பெற்றது.

சுவாமிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று இரண்டு நாடகக் குழுக்களைத் தொடங்கினார். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சதி சுலோசனா’ என்று அவர் எழுதிக்கொடுத்ததை வைத்தே தமிழ் மேடை அரை நூற்றாண்டு பிழைத்தது. சிறுவன் டி.கே.சண்முகத்துக்காக ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதி முடித்தார். 1922இல் புதுச்சேரியில் காலமானார். 2019 நடிகர் சங்கத் தேர்தலில் அவர் பெயர் ஓர் அணிக்குப் பெயராக வந்தது.

அவர் கட்டிய பாய்ஸ் கம்பெனி தமிழின் முன்னோடி நடிப்புப் பள்ளி. விடியுமுன் எழுப்பிப் பாடம் சொல்லி, பாட்டும் வசனமும் வாயில் ஊறும்வரை விடமாட்டார்கள். எல்லா வேடமும் எல்லோருக்கும் மனப்பாடம், பெண் வேடமான ஸ்திரீபார்ட்டும் பையன்தான். அந்த அமைப்பின் கொடுமையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதில் ஒரு பெரிய நன்மை இருந்தது. பையனுக்குப் பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும், குரல் உடையும். பாட்டு போனால் வேஷம் போயிற்று. சிலரைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. தங்கியவர்கள் பக்கவேஷம் கட்டினார்கள், சின்னப் பையன்களுக்குப் பாடம் சொன்னார்கள், வாத்தியார் நடிப்பதைத் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். குரல் திரும்பியபோது வேறு நடிகனாக வந்தார்கள். விரும்பிக் கிடைத்த ஓய்வல்ல அது. ஆனாலும் அந்த இடைவெளிதான் குழந்தை நடிகனைப் பெரிய நடிகனாக்கியது.

பெண்களின் பக்கத்தில் பாடசாலை இல்லாமல் இல்லை. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்தே கம்பெனி நடத்தினார். கொடுமுடியில் பிறந்து ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமி கே.பி.சுந்தராம்பாள், வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து, கொழும்பு மேடைகளில் வளர்ந்து, 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். திருவையாற்று டி.பி.ராஜலக்ஷ்மி, அறியாத வயதில் கட்டிவைத்த கல்யாணம் நிலைக்காமல், பதினோரு வயதில் சாமண்ணா கம்பெனியில் சேர்ந்தார். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’, அதன் நாயகி அவர். 1933இல் சாமிக்கண்ணு வின்சென்ட் தயாரித்த ‘வள்ளி திருமண’த்தில், சுவாமிகளின் கம்பெனிகளில் பையன்கள் கட்டிய வள்ளி வேஷத்தைத் திரையில் கட்டினார். 1936இல் தன் நாவலையே ‘மிஸ் கமலா’ என்று தானே இயக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். குழந்தை நடிகை கதாநாயகியாகி, கதாசிரியையாகி, இயக்குநருமாகிய இந்த வாழ்க்கைக்கு ஈடாகத் தமிழ் சினிமாவின் அடுத்த ஐம்பது வருடங்களில் ஒன்றைக் காட்ட முடியுமா? இவரை இப்போது ‘முதல் நாயகி’ என்ற வினாடி வினா விடையாகச் சுருக்கிவிட்டோம்.

காரணம் எளிது. பையன்கள் எழுதினார்கள். சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ இருக்கிறது, எம்.ஜி.ஆரின் ‘நான் ஏன் பிறந்தேன்’ இருக்கிறது, சிவாஜியின் சுயசரிதை இருக்கிறது. வாத்தியாரிடம் வாங்கிய அடி முதற்கொண்டு பதிவாகியிருக்கிறது. மேடையில் வளர்ந்த பெண்கள் அப்படி எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. எழுதப்படாத பயிற்சி, பயிற்சியே இல்லை என்றாகிவிட்டது.

சினிமா குழந்தைகளின் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். கே.சுப்ரமண்யத்தின் ‘பாலயோகினி’ (1937) பேபி சரோஜாவை வீட்டுக்கு வீடு கொண்டுபோயிற்று. பிறந்த பெண்களுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். ‘தியாகபூமி’க்குப் பிறகு அவர் சினிமாவில் நிலைக்கவில்லை. ‘நாம் இருவர்’ (1947) படத்தில் ஆடிய குமாரி கமலா பரதத்தின் பக்கம் தன்னை நிறுத்திக்கொண்டார். ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) படத்தில் இரட்டை வேடத்தைத் தாங்கிய குட்டி பத்மினிக்குத் தமிழ் சினிமா நல்ல கதாநாயகி வேடம் ஒன்றைத் தரவில்லை. இது என் தீராத வருத்தம்.

இப்போது இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) வந்த கமல்ஹாசனுக்குக் குழந்தை வேடங்கள் நின்றதும் டி.கே.எஸ். நாடக சபை கிடைத்தது. அவ்வை சண்முகம் என்று பெயர்பெற்ற டி.கே.சண்முகத்திடம் பாடம். பிறகு நடனம், நடன உதவியாளர் வேலை. 1973இல் ‘அரங்கேற்றம்’ வரும்வரை ஏறத்தாழ பத்து வருடம் அவருக்குக் கற்கக் கிடைத்தது. தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையை விட்டு வந்தவரின் பள்ளிக்கூடம், சண்முகம் வழியாக, கமல்வரை வந்து சேர்ந்தது. ‘அவ்வை சண்முகி’ என்ற தலைப்பே அந்தக் கடனுக்குச் சாட்சி.

அதே சுவாமிகளின் ஊரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்தில், சிவகாசிக்கு அருகே மீனம்பட்டியில், 1963 ஆகஸ்ட் 13 அன்று பிறந்தவர் ஸ்ரீதேவி. 1969இல் ‘துணைவன்’ படத்தில் பால முருகனாக வந்தார். பையன்கள் வள்ளியாக நின்ற மரபில், முருகனாக ஒரு சிறுமி. அதன்பிறகு அவருக்கு நிற்க நேரமில்லை. ‘நம் நாடு’, மலையாளத்தில் கேரள அரசின் விருது வாங்கித் தந்த ‘பூம்பாட்டா’ (1971), இந்தியில் ‘ஜூலி’ (1975), நடுவில் தெலுங்கு. 1976இல் கே.பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’. அப்போது வயது பதின்மூன்று. அந்தப் படத்தில் அவர் என்ன வேடம் செய்தார் என்பதை ஒருமுறை நிதானமாக எண்ணிப்பாருங்கள்: தன் காதலனின் சாவுக்குக் காரணமானவனின் அப்பாவை மணந்து, அவனுக்குச் சிற்றன்னையாக நின்று அவனை ஆட்டிவைக்கும் பெண். எதிரே ரஜினிகாந்த். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இது பிறவியிலேயே தெரிந்திருக்குமா?

பையனுக்கு மகரக்கட்டு வரும் அதே வயதில் பெண் பெரியவளாகிறாள். பையனை அந்த வயது மேடையிலிருந்து இறக்கியது. பெண்ணை அதே வயது நேராகக் கதாநாயகி நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தது. ஸ்ரீதேவிக்கு இடைவெளியே இல்லை. கமலுக்குக் கிடைத்த பத்து வருடத்தை அவர் ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் திருடிக்கொண்டார். அந்தத் திருட்டுத்தான் அவருடைய பாடசாலை.

படங்களிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. ‘16 வயதினிலே’ 1977 செப்டம்பரில் வந்தபோது அவருக்குப் பதினான்கு நிறைந்து ஒரு மாதம். அவர் நடித்த மயில் என்ற பெண் ரயில்நிலையத்தில் காத்திருப்பதைப் பாருங்கள். பின்னோக்கிப் போகும் கதையில் டீச்சராகும் கனவோடு தாவணி கட்டித் திரியும் மயிலையும் பாருங்கள். உடுப்பு மாறியதைவிட முதுகு மாறியது பெரிது. கனவு காண்பவளின் முதுகு நிமிர்ந்து, கழுத்து கொஞ்சம் முன்னால் நீளும். காத்திருப்பவளின் முதுகில் வருடங்கள் உட்கார்ந்திருக்கும். பாரதிராஜாவின் முதல் படம் அது, அவரும் கற்றுக்கொண்டிருந்தவர்தான்.

‘மீண்டும் கோகிலா’வின் (1981) பெண் பார்க்கும் காட்சி இன்னும் நல்ல சாட்சி. பாடிக்கொண்டே வரும் பெண்ணுக்கு அடி மறந்துபோகிறது, மாப்பிள்ளை எடுத்துக்கொடுக்கிறார். மறப்பதை நடிப்பது மேடையில் மிகக் கடினமான வேலை, ஏனென்றால் நடிகைக்கு உண்மையில் மறக்கவில்லை. ஸ்ரீதேவி முதலில் கண்ணைத் தாழ்த்துவதில்லை. குரல் நின்ற பிறகும் முகம் ஒரு கணம் பாட்டிலேயே இருக்கிறது, பிறகுதான் கண் தேடுகிறது, பிறகுதான் வெட்கம் வருகிறது. இந்த மூன்று அடுக்கும் வரிசை பிசகாமல் வருவது வரமல்ல, கணக்கு. அந்த வருடத் தமிழ் ஃபிலிம்ஃபேர் விருது சரியான இடத்துக்குத்தான் போனது.

இனி ‘மூன்றாம் பிறை’. பறிபோன குழந்தைமையை விஜியில் அவர் மீட்டெடுத்தார் என்ற வாதத்தை என்னால் ஏற்கவே முடியாது. விஜி, குழந்தைகள் நடிக்கும் குழந்தை அல்ல. சினிமாக் குழந்தைகள் பெரியவர்கள் போலப் பேசுவார்கள். ஸ்ரீதேவி சிறுவயதில் செய்ததும் அதைத்தான். விஜியின் அவசரம், சுப்ரமணி என்ற நாய்க்குட்டியைத் தூக்கும் விதம், கோபம் வந்தவுடன் உடம்பு முழுவதும் கோபமாவது எல்லாம் வெளியே பார்த்துச் சேகரித்தவை. தன் குழந்தைப் பருவத்திலிருந்து எடுத்திருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது வசனம் ஒப்பிக்கும் பால முருகன்தான். அதைத் தள்ளிவைக்கத் தெரிந்ததே அவருடைய தேர்ச்சி. தேசிய விருது உடன் நடித்த கமலுக்குப் போனது, அது தகுதியானதே. ஆனால் கடைசி ரயில்நிலையக் காட்சியில் கமலின் துடிப்பை நம்ப வைப்பது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த முகம்தான். அந்த முகம் இம்மி அசைந்திருந்தால் காட்சி கெட்டிருக்கும்.

இந்தி சினிமா அவரைக் கொண்டாடிய காலம் எனக்குப் பிடித்த காலம் அல்ல. ‘சாந்தினி’யின் பளபளப்பில் மயிலின் முதுகு இல்லை. ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ (2012) வரும்வரை அது திரும்பவுமில்லை. பதினைந்து வருட ஒதுக்கத்துக்குப் பிறகு வந்த படம் அது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு இடைவெளி கிடைத்திருந்தது.

பழைய கதை முடிந்துவிடவில்லை. ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ (1984) படத்தில் குழந்தையாக வந்த மீனா, 1993இல் ‘எஜமான்’ படத்தில் அதே ரஜினிக்கு மனைவி. மீனாவின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு சிறுமிக்கு வளர நேரம் கொடுக்காத தொழிலின் மீதுதான் என் வழக்கு. 2017இல் வந்த மத்திய அரசு விதிகள், 14 வயது நிறையாத குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் ஐந்து மணிநேரத்துக்குமேல் வேலை செய்யக்கூடாது, தொடர்ந்து 27 நாளுக்குமேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அவர் பெயரில் வங்கியில் இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதிகள். ஆனால் நேரத்தையும் பணத்தையும் காக்கும் சட்டத்தில் நடிப்புத் தொழிலைக் கற்பது பற்றி ஒரு வரி இல்லை: யாரிடம், எவ்வளவு காலம், பதினான்குக்குப் பிறகு என்ன?

தூத்துக்குடி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கொடைகளிலும் திருவிழாக்களிலும் இன்றும் ‘வள்ளி திருமணம்’ நடக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியவிடிய. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் ஸ்திரீபார்ட் அம்மா எந்தக் கேள்வி வந்தாலும் பாட்டாலும் பதிலாலும் சமாளிக்கிறார். ஒத்திகை கிடையாது, அன்று மாலைதான் எதிர் நடிகரையே பார்த்திருப்பார். ஹார்மோனியக்காரர் கட்டையை ஏற்றினால் ஏறுகிறார். சிறுவயதிலேயே மேடை ஏறியவர்கள் இவர்களில் பலர். இந்தக் கலைஞர்களைப் பற்றி 2005இல் விரிவான புத்தகம் எழுதியவர் அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர். தமிழில் அதற்கு இணையான ஒரு நூலை நாம் எழுதவில்லை. நம் பல்கலைக்கழகங்களின் நாட்டார் வழக்காற்றியல் துறைகள் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த அம்மாக்களிடம் உட்கார்ந்து, யாரிடம் கற்றீர்கள், எந்த வயதில், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்வது. ராஜலக்ஷ்மியிடமும் சுந்தராம்பாளிடமும் கேட்காமல் விட்டதை இவர்களிடமாவது கேட்கலாம்.

ஸ்ரீதேவியைப் பற்றி இனி எழுத உட்காருபவர்கள், ‘துணைவன்’ தொடங்கி ‘மூன்று முடிச்சு’ வரையிலான ஏழு வருடப் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு எழுதட்டும்.