தேயிலைத் தூருக்கு அடியில்

சி.வி. வேலுப்பிள்ளையின் ‘தேயிலைத் தோட்டத்திலே’ கவிதையைக் காட்சியாக்க விரும்பும் எவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: அதை ஒட்டுச்சித்திரமாகச் செய்யுங்கள். நீர்வண்ணம் மலைப்பனியைக் கொண்டுவந்துவிடும். தைலவண்ணம் பச்சையின் அடர்த்தியைக் கொடுத்துவிடும். ஆனால் இந்தக் கவிதையின் உயிர் மேலே தெரியும் பச்சையில் இல்லை. விடியலை எழுப்பும் தப்பொலியில் தொடங்கி, தேயிலைக்கு அடியில் கல்லறையும் பூவும் இல்லாமல் புழுதியாகிப்போன முன்னோரிடம் அது நம்மை அழைத்துப் போகிறது. அடியில் கிடப்பதைப் பாடும் கவிதைக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூடுகிற கலையே பொருந்தும்.

சி.வி. 1914இல் புண்டலுஓயாப் பக்கம் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து இலங்கை நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அவர் ஆங்கிலத்தில் எழுதிய இக்கவிதையைத் தமிழில் தந்தவர் சக்தீ பாலையா. அவர் ஓவியரும்கூட என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தூரிகை பிடிக்கும் கை ஒரு கவிதையை வரிவரியாக மொழிபெயர்த்திருக்கிறது என்றால், அதன் ஒவ்வொரு சொல்லிலும் அந்தக் கை நின்று நிதானித்திருக்கிறது என்றுதான் பொருள்.

தூரிகை பிடித்த கையால் கவிதையை மொழிபெயர்த்த இன்னொருவரும் கண்டியில் இருந்தார். 1901இல் இந்நகரில் பிறந்து திரித்துவக் கல்லூரியில் படித்த ஓவியர் ஜோர்ஜ் கீற், ஜெயதேவரின் கீதகோவிந்தத்தைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதற்குக் கோட்டோவியங்களும் வரைந்தார். நம் பஜனை மரபு இன்றும் அஷ்டபதியாகப் பாடுகிற அந்தப் 12ஆம் நூற்றாண்டுக் காவியத்தின் ராதையும் கண்ணனும் அதன் பிறகும் அவருடைய சித்திரங்களை விட்டுப் போகவில்லை. பக்கவாட்டிலும் நேரிலுமாக ஒரே முகத்தை இரண்டு கோணங்களில் அவர் வரைந்ததைப் பார்க்கும்போது, ஊடலும் கூடலும் ஒரே முகத்தில் குடியிருப்பதாக எனக்குத் தோன்றும். காவியத்தின் நிகழ்ச்சியை வரைவதோடு நிற்காமல் அதன் மனநிலையையே கோடாக்கியவர் அவர். கவிதையோடு நெடுங்காலம் குடித்தனம் நடத்தியவருக்கே அது கைகூடும்.

ஆனால் ஒட்டுச்சித்திரம் இத்தகைய ஓவியத்திலிருந்து பிரியும் இடம் ஒன்று உண்டு. 1912இல் பிக்காசோ பிரம்பு பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியைப் படத்தில் ஒட்டி, சுற்றிலும் நிஜக் கயிற்றையே சட்டமாகக் கட்டினார். அன்றுமுதல் ஒரு பொருளை வரைந்து காட்டலாம், அந்தப் பொருளையே கொண்டுவந்தும் வைக்கலாம் என்றாயிற்று. பலகை, துணி, சுண்ணம், பொற்றகடு, கல் எல்லாவற்றையும் ஒரே பரப்பில் சேர்த்த தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்களுக்குப் பல பொருள்களைக் கலப்பது புதிதல்ல. ஆனால் அங்கே பொருள்கள் கடவுளின் அலங்காரமாகி அடங்கிவிடுகின்றன. ஒட்டுச்சித்திரத்தில் சாக்கு சாக்காகவே நிற்கும். அது எங்கிருந்து வந்தது, யார் முதுகில் கிடந்தது என்ற கேள்வியும் கூடவே நிற்கும்.

அதனால், பொருள் தேடும் முன் இரண்டு இடங்களைப் பார்த்துவிட வேண்டும். கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலையில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று. அங்கே இயந்திரங்களின் பெருமை தெரியும். கம்பளைப் பக்கம் நியூ பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த பழைய லயன் அறைகளிலேயே அமைந்த தொழிலாளர் அருங்காட்சியகம் மற்றது. அங்கே கைகளின் கதை தெரியும். முடிந்தால் மஹியாவ மயானத்துக்கும் போய்வரலாம். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்தபோது, அவருடைய உடலைத் தோட்டத்து மக்கள்தான் கண்டிக்குச் சுமந்து வந்தார்கள். அவர் பெயர் பொறித்த கல் அங்கே இருக்கிறது. சுமந்தவர்களின் பெயரைத் தாங்கும் கல் எங்கே என்ற கேள்வியோடு திரும்பி வந்து சி.வி.யைப் படித்தால், சித்திரத்தின் கட்டமைப்பு தானே பிடிபடும்.

முதலில் அடித்தளம். இந்த மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பி வைத்தார்கள். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைக் கொன்றது. அதன் மேல் தேயிலை வந்தது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி ஆட்களை அழைத்து வந்தார்கள் என்பது மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. ஆகவே அடியில் வைக்க வேண்டியவை இவை: தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோலின் பக்க நகல்கள், ஊரிலிருந்து வந்த பழைய கடித உறைகள், பேர் போட்ட துண்டுச் சீட்டுகள். அசல் ஆவணங்களை வெட்டவே கூடாது. போட்டோகொப்பி எடுத்து அதைத்தான் கிழிக்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளைகளைக் கழித்துவிட்ட, தேயிலைச் செடியின் அடிமரத்தில் மெல்லிய தாளைச் சுற்றிக் கரிக்கோலைச் சாய்த்துத் தேய்த்தால், முடிச்சும் முறுக்குமாய் ஒரு தழும்புத் தடம் தாளில் ஏறும். நான் பார்த்ததில் மிக அழகான அடித்தளத் தாள் அதுதான்.

பிறகு நிறம். இங்கேதான் இந்தக் கலையின் மிகப் பெரிய இன்பம் காத்திருக்கிறது. டஸ்ட் தேயிலையைக் கெட்டியாகக் காய்ச்சி, தாளின் மேல் ஊற்றி உலரவிட்டால் மண்ணின் பழுப்பு வரும். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளைச் சில நாள் வினாகிரியில் ஊறவைத்து, அந்த நீரைத் தூரிகையில் தொட்டு இந்தப் பழுப்பின் மேல் இழுக்க வேண்டும். தூரிகை போன தடத்தில் பழுப்பு மங்கிச் சாம்பலாகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் பாய்ந்த கறுப்பாக இறுகும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் கூடிச் செய்கிற வேலை இது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோருக்கும், கலம்காரித் துணியில் கறுப்பு ஏற்றுகிறவர்களுக்கும் பழகிய இரசாயனம்தான். ஆனால் இந்தக் கவிதைக்கு அது வேறொரு பொருள் தருகிறது. கவ்வாத்துக் கத்தியின் இரும்பும் கொழுந்தின் சாறும் சந்தித்த இடத்தில் கறுப்பு பிறக்கிறது. கடையில் வாங்கும் எந்தக் கறுப்பு வண்ணமும் இதைச் சொல்லாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: புளித்த இரும்புநீர் தாளைக் காலப்போக்கில் அரிக்கும். தடித்த பருத்தித் தாளில், குறைவாகப் பாவிக்க வேண்டும்.

மேல்தளத்துக்குச் சாக்கும் படங்கும். கொழுந்தெடுப்பவர்கள் மழைக்கும் செடியின் கீறலுக்கும் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கின் கிழிசல் ஒன்று போதும், ஒரு மலைச்சரிவு உருவாகிவிடும். தாளைக் கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பது இங்கே பொருந்தும். நார் ஓடும் திசையில் கிழித்தால் கோடு நேராக வரும். குறுக்கே கிழித்தால் முரண்டு பிடித்து, வெள்ளை உள்நார் வெளியே தெரியும். தேயிலை நிரைகளுக்கு முதல் வகை, அவற்றுக்கு நடுவே மண் வாய் திறக்கும் இடங்களுக்கு இரண்டாம் வகை. தாளுக்கு அரிசிக்கஞ்சிப் பசை அருமையாக ஒட்டும். ஆனால் கண்டியின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய புத்தகக் கட்டுநர்களைப்போல் துளி மயில்துத்தம் சேர்த்துக்கொள்ளலாம், அது நஞ்சு என்பதை மறக்காமல். சாக்கின் பாரத்தைக் கஞ்சி தாங்காது, அதற்கு வெள்ளைப் பைண்டர் பசைதான்.

எவ்வளவு மூடுவது என்பதில்தான் கைத்திறனும் ரசனையும் சோதிக்கப்படுகின்றன. முழுதும் மூடினால் அடியில் இருப்பவர்கள் மறுபடியும் புதைந்துபோவார்கள். முழுதும் திறந்தால் அது ஆவணக் கண்காட்சி. மேலே மெல்லிய சவ்வுத்தாளை ஒட்டினால், பசை ஈரமாக இருக்கும்போது அது கண்ணாடிபோல் ஆகி, அடியிலுள்ள பெயர்கள் மங்கலாய் மேலெழும். சில இடங்களில் உலர்ந்த மேல்தாளை நகத்தால் உரித்தால், பாதிப் பெயர் வெளிவரும், ஒரு எழுத்து போய்விடும். அந்தப் போன எழுத்தைத் திருத்தி எழுதாமல் விடுகிறவரைத்தான் நான் நல்ல கலைஞர் என்பேன்.

தப்பை எப்படிக் காட்டுவது? வரைந்து வைத்தால் அது வெறும் பொருளாகிவிடும். தொழிலாளரைக் காலைப் பெரட்டுக்கு, வேலைக்குமுன் ஒன்றுகூடும் இடத்துக்கு, அழைத்த அந்த ஒலி இடைவெளிகளில் வாழ்கிறது. ஒரே அளவுத் துண்டுகளை நெருக்கியும் விலக்கியும் மேல் விளிம்பில் வரிசையிட்டால், கண் அந்தத் தாளத்தில் நடக்கும். தேயிலைப் பெட்டியில் சிரிக்கும் கொழுந்துக்காரியின் படத்தை மட்டும் முழுதாக ஒட்டிவிடாதீர்கள். அந்தச் சிரிப்பு கவிதையின் துயரத்தை ஒரே கணத்தில் விழுங்கிவிடும்.

1950களின் பிற்பகுதியில் பார்வை இழந்த சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜி அதன் பிறகு விரல்களை நம்பி வண்ணத்தாள் ஒட்டுச்சித்திரங்கள் செய்தார். இது தொட்டுச் செய்யும் கலை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். எனவே ஒட்டுச்சித்திரத்தை முடித்ததும் கண்ணை மூடி விரலால் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சாக்கின் சொரசொரப்புக்குக் கீழே தாளின் மேடு தட்டுப்பட வேண்டும். அந்தச் சித்திரத்தை ஒருவர் பார்த்துவிட்டு, சி.வி.யின் கவிதையைத் தேடிப் படித்து, மறுபடி வந்து இன்னும் கூடுதலாகக் காண்பாரானால் உங்கள் வேலை நிறைவேறியது. கவிதையிடமிருந்து கடன் வாங்கிய சித்திரம், அதற்கு ஒரு புதிய வாசகரைத் தந்து கடனைத் தீர்க்க வேண்டும்.