பிப்ரவரி 4 யாருடைய நாள்?

பிப்ரவரி 4ஆம் தேதி காலைப் பூசையில் ஆந்திர எல்லையோரப் பலமனேர்க் கத்தோலிக்கர் நினைவுகூர்வது புனித அருளானந்தரை. ஜான் டி பிரிட்டோ என்ற அந்தப் போர்த்துக்கேய இயேசு சபைக் குரு 1693இல் அதே தேதியில் ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் அன்று லங்கா மாதாவின் பெருவிழா. உலகப் போரின் அழிவிலிருந்து நாடு தப்பினால் கோயில் கட்டுவதாகப் கொழும்புப் பேராயர் மாசோன் 1940இல் நேர்ந்துகொண்டார். தேவத்தையில் எழுந்த பேராலயம் அந்த நேர்ச்சைதான். இலங்கையின் சுதந்திர தினமும் அதே பிப்ரவரி 4. இந்தியாவில் நமக்கும் அப்படி ஒரு பொருத்தம் உண்டு: ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்பு.

பூசை வாசகங்களில் இப்படி நாட்டுக்கு நாடு பிரிவினை கிடையாது. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி. வார நாள்களின் முதல் வாசகம் பொதுக்காலத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். நற்செய்தி ஆண்டுதோறும் அதுவே. பொதுக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பாட்டி தமிழில் கேட்கும் கடுகு விதை உவமையைத்தான் பலமனேர்ப் பாட்டி தெலுங்கில் கேட்கிறாள். வேறுபாடு நுழைவது புனிதர் வழியாக. ஜூலை 3, தோமாவின் நாள்: இந்தியாவில் அது பெருவிழா என்பதால் நற்செய்திக்கு முன் இரண்டு வாசகங்கள், பிறகு விசுவாசப் பிரமாணம். இலங்கையில் விழா மட்டுமே. ஒரு வாசகத்தோடு முடியும். காயத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்ட தோமாவின் நற்செய்தி இரு இடத்திலும் ஒன்றுதான்.

நாள்காட்டியை இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பவர் எத்தனை பேர் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டுச் சுவரில் தொங்கும் கோயில் காலண்டரில் புனிதர் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும்; அதன் கீழே 'மாற் 4:26-34' என்று எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. கண் முதல் வரியோடு நின்றுவிடுகிறது. இப்போது அந்த இரண்டாம் வரி காலையில் வாட்ஸ்அப்பில் படமாக வந்து, கும்பிடும் கை அடையாளத்தோடு அடுத்த குழுவுக்குப் போய்விடுகிறது.

நம் கண் தாண்டிப்போகும் இந்த வாசிப்பு இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது; அதற்குக் காரணம் கஷ்டகாலம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்தார்கள். கோவாக்காரரான குரு யோசேப் வாஸ் 1687இல் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அவர் வந்த பிறகும் ஒரு ஊருக்கு எப்போதாவதுதான் குரு. நடுவில் ஜெபத்தை நடத்தியவர்கள் மூப்பரும் அண்ணாவியாரும். அவர்கள் கையில் ஏடு வேண்டுமே! 1705இல் வந்த குரு யாக்கோமே கொன்சால்வேஸ் அதற்காகவே தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய 'வியாகுல பிரசங்கம்' தவக்காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் இன்றும் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. ஒருவர் இழுத்து வாசிக்க மற்றவர்கள் முழங்காலில் இருந்து கேட்பார்கள். குரு இல்லாமலே நடக்கும் வழிபாடு இது. யோசேப் வாஸ் 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்த ஜனவரி 16 இந்திய நாள்காட்டியிலும் இருக்கிறது. பிறந்த மண் இது. ஆனால் நம் பக்கம் அந்த நாள் சத்தமில்லாமல் கடந்துபோகிறது.

பலமனேர்ச் சீமைக்கும் பழைய கதை உண்டு. பக்கத்துப் புங்கனூரில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கர்நாடக மிஷனின் பிரெஞ்சு இயேசு சபையினர் வேலை செய்தார்கள். 1773இல் சபையே கலைக்கப்பட்டபோது இங்கும் குருக்களுக்குப் பஞ்சம். ஆனாலும் இங்கே நிலைத்தது ஏட்டைவிட யாத்திரை என்றே எனக்குத் தோன்றுகிறது: செப்டம்பர் 8க்கு வேளாங்கண்ணி, பிப்ரவரி 11க்கு விஜயவாடா குணதல மாதா. செவ்வாய் அந்தோனியாருக்கு, புதன் சகாய மாதாவுக்கு, சனி ஆரோக்கிய மாதாவுக்கு என்று வாரமும் பங்கிடப்பட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமையில் மட்டும் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்காரர்கள் நம்மை மிஞ்சிவிடுவார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் அங்கே செவ்வாய்க் கூட்டம் ஓயவில்லை. இரு நாட்டாரும் சேர்ந்து அந்தோனியாரைக் கும்பிடும் கச்சத்தீவுத் திருவிழாவோ நாள்காட்டியின் ஜூன் 13ஐக் கண்டுகொள்வதே இல்லை. அது பிப்ரவரி, மார்ச்சில் வரும்.

பயணமும் நவநாளும் குறைந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பலமனேரில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கடப்பா மறைமாவட்டத்தில் பூசையும் வாசகமும் தெலுங்கு; எல்லையோர வீடுகள் பலவற்றில் பேச்சு தமிழ். பீடத்தில் கேட்ட வார்த்தை வீட்டு மொழியில் ஒருமுறை ஒலிக்காவிட்டால் குழந்தைகளுக்குப் புனிதர் படமாகவும் வேதம் ஓசையாகவும் நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தில் யாழ்ப்பாணத்து வழக்கமே மேல்: இரவு ஜெபமாலைக்குப் பிறகு அன்றைய நற்செய்தியை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பத்துப் பதினைந்து வசனம்தான், ஐந்து நிமிடம்கூட ஆகாது. அடுத்த தவக்காலம் 2027 பிப்ரவரி 10, திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைய வாசகம் காலண்டரில் இருக்கிறது.