கணிப்பொறிப் போரில் சிற்றரசர் எங்கே?

எளாவூர் மாணவரும் இன்று கணிப்பொறியில் சோழர் படையை நடத்தலாம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் 2022-ஆம் ஆண்டு இராசேந்திரனின் போர்கள் சேர்க்கப்பட்டன. உணவும் பொன்னும் செலவிட்டால் வீரர்கள் தோன்றுவர். இட்ட கட்டளையை மறுக்கமாட்டார்கள். பேரரசு இப்படியா நடந்தது?

இல்லை. சிற்றரசர் தரும் வரியும் படையும் அதன் தூண்கள். தூண் சாய்ந்தால்? 1231-இல் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். போசளர் படை வந்துதான் சோழனை மீட்டது. எளாவூருக்கு வடக்கே நெல்லூரில் தெலுங்குச் சோடர் தனி வலிமையுடன் விளங்கியதும் அக்காலத்தில்தான்.

2020-இல் வந்த ‘குருசேடர் கிங்ஸ் 3’ இந்த உண்மையைத் தொடுகிறது. அதில் ஒவ்வொரு சிற்றரசனின் மனநிலையும் ஓர் எண். வரிச்சுமை கூடினால் எண் இறங்கும். மனம் கசந்தவர்கள் அணி சேர்ந்து போர் தொடுப்பர். நல்ல கணித மாதிரி!

ஆனால் பரிசு கொடுத்தால் எண் ஏறிவிடுகிறது. இது குறையே. கோப்பெருஞ்சிங்கனைத் துணியவைத்தது வெறும் மனக்கசப்பன்று. பாண்டியரிடம் தோற்றுச் சோழர் தளர்ந்திருந்த நிலையும் ஆகும். நண்பர்களே, விளையாடுங்கள், மாதிரி எதை விட்டுவிட்டது என்றும் கேளுங்கள். அறிவியல் நோக்கு என்பது அதுவே.