செங்கேணியின் நடை

2021 நவம்பரில் வெளியான த. செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ படத்தைத் திருநகர் வீட்டுக்கூடத்தில், தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். காவல் நிலையத்திலிருந்து நிறைவயிற்றோடு திரும்பும் செங்கேணி, போலீஸ் ஜீப்பில் ஏற மறுத்து நடக்கிறாள். ஜீப் பின்னால் ஊர்ந்து வருகிறது. சமரசப் பணத்தையும் மறுக்கிறாள். படத்தின் பெரிய ‘வேண்டாம்’கள் அவளுடையவை. நீதிமன்றத்திலோ கேமரா சூர்யாவின் முகத்தையே தேடுகிறது. கடைசியில் சிறுமி அல்லி கால்மேல் கால் போடவும் வழக்கறிஞரின் சம்மதம் வேண்டியிருக்கிறது.

1993 வழக்கின் பார்வதி குறவர் சமூகத்தவர். திரையின் செங்கேணி இருளர். இறந்த ராஜாக்கண்ணுவுக்கும் வாதாடிய சந்துருவுக்கும் படத்தில் சொந்தப் பெயரே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிய பெண்ணுக்கு ஏன் இல்லை?