நிலம் சுருங்கினால் ஆள் கூடுமா?

பப்ஜி விளையாட்டின் எராங்கல் தீவு எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். சுற்றியுள்ள கடலையும் சேர்த்தால் 64 சதுர கிலோமீட்டர். திருநெல்வேலி மாநகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 108 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் அந்த மேப்பே பிடித்துக்கொள்ளும். டவுன் ரதவீதியில் ஒரு மூலையை வைத்தால், மறுமூலை ஜங்ஷனைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, பாளையங்கோட்டைக்குள் போய்விடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான்கரை இலட்சம் பேருக்கு மேல் இருந்த ஊரின் பாதி நிலத்தில் நூறே பேரை வானத்திலிருந்து இறக்கி, ஒருவரையொருவர் தேடிச் சுடுங்கள் என்கிறது விளையாட்டு. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 158 ஏக்கர். தாமிரபரணிப் பாசனத்தில் அவ்வளவு நஞ்சை வைத்திருப்பவரை நம் பக்கத்தில் பண்ணையார் என்பார்கள்.

அதே விளையாட்டில் 2020இல் வந்த லிவிக் மேப் இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டர், 52 பேர், ஆளுக்கு 19 ஏக்கர். 2022இல் வந்த நூசா ஒன்றுக்கு ஒன்று, 32 பேர், ஆளுக்கு எட்டு ஏக்கர்கூட இல்லை. எட்டிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. நாலு பேருக்கு நாலு பேர் மோதும் வேர்ஹவுஸ் டிடிஎம்மில் களம் ஒரு கிடங்குக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த இறக்கத்துக்குப் பின்னால் தொழில்முறை நம்பிக்கை ஒன்று இருக்கிறது: ஆள் குறையும்போது நிலத்தைக் குறைத்தால் விளையாட்டு பிழைக்கும். உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள். வார்ஸோன் என்ற விளையாட்டு 2020 மார்ச்சில் 150 பேருக்கான வெர்டான்ஸ்க் நகரத்தோடு தொடங்கியது; அதே ஆண்டு டிசம்பரில் நாற்பது பேருக்கான ரீபர்த் ஐலண்ட் வந்தது. ஒரு வருடம் கழித்து வெர்டான்ஸ்கை மூடிவிட்டு இறக்கிய கால்டெரா பெருந்தீவைவிட, சின்ன ரீபர்த்துக்குத்தான் பிரியர்கள் அதிகம் இருந்தார்கள். இந்த நடைமுறை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. ஆனால் நோய் ஒன்றாக இருக்க மருந்து வேறொன்றுக்குக் கொடுக்கப்படுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 2000களில் பாளையங்கோட்டைக் கல்லூரிகளைச் சுற்றியிருந்த பிரௌசிங் சென்டர்களில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடியவர்களுக்கு மேப் அளவு ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. கடையில் பத்து கணினி, அஞ்சுக்கு அஞ்சு, டஸ்ட் 2. எத்தனை பேர் என்பதை நாற்காலிகள் முடிவு செய்தன, மேப் அதற்கேற்ற அளவில் இருந்தது. ஒருவன் எழுந்து போனால் வாசலில் நிற்பவன் உட்காருவான். இணையம் அந்தக் கணக்கைக் கலைத்தது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலே களத்தை முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டியதாயிற்று. வெளியான வாரத்தின் கூட்டத்தைப் பார்த்து அளவெடுத்த சட்டை, மூன்றாம் ஆண்டில் தொளதொளவென்று தொங்கும்.

சின்ன மேப்புக்கு இன்னொரு நியாயம் கைபேசி. 2016இல் ஜியோ வந்து, 2018இல் பப்ஜி மொபைல் வந்தபோது, அம்பாசமுத்திரத்திலோ ஸ்ரீவைகுண்டத்திலோ இருந்த பையன் கையில் இருந்தது இரண்டு ஜிபி ரேம் கொண்ட போன். எராங்கலை அது இழுக்காது. பாதி வீடு வரைந்து முடிப்பதற்குள் ஆள் செத்திருப்பான். அவனுக்காகத்தான் இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டரில், அறுபது பேரோடு பப்ஜி மொபைல் லைட் வந்தது. அங்கே நிலம் சுருங்கியது ஆள் குறைந்ததால் அல்ல, ஆளைச் சேர்ப்பதற்காக. இந்தச் சுருக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மூன்றாவது நியாயம் காத்திருப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓரிரவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எராங்கல் ஆட்டம் அரை மணி நேரம் ஓடும் என்றாலும் பாதிப் பேர் சீக்கிரமே செத்துவிடுவதால், ஒருவர் சராசரியாகப் பதினைந்து நிமிடம் உள்ளே இருப்பார் எனலாம். அப்படியானால் நிமிடத்துக்கு 67 பேர் மறுபடி லாபிக்கு வருவார்கள். நூறு பேர் சேர ஒன்றரை நிமிடம். லிவிக்கில் ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால், நிமிடத்துக்கு 125 பேர் திரும்பி வருவார்கள். 52 பேர் சேர 25 நொடி போதும். ஆட்டம் சுருங்கினால் அதே ஆயிரம் பேர் இரட்டிப்பு வேகத்தில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சின்ன மேப்பின் உண்மையான பலம் இது. நிலம் சின்னது என்பதைவிட நேரம் சின்னது என்பதுதான் லாபியை நிரப்புகிறது.

கணக்கை இன்னொரு படி கொண்டுபோனால்தான் சிக்கல் தெரியும். அந்த ஆயிரம் பேரைப் பத்து வரிசையாகப் பிரித்துவிட்டால்? ஒவ்வொரு வரிசைக்கும் நிமிடத்துக்கு ஏழு பேர்கூட வர மாட்டார்கள். நூறு பேர் சேரப் பதினைந்து நிமிடம். எவனும் பதினைந்து நிமிடம் காத்திருக்க மாட்டான். மூன்றாம் நிமிடத்தில் ரீல்ஸ் பார்க்கப் போய்விடுவான். அவன் போனதால் அடுத்தவனுக்கு இன்னும் தாமதமாகும்.

பப்ஜி மொபைலின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐயில் வந்த மேப்களைப் பாருங்கள். எராங்கல், மிராமார், சான்ஹோக், விகெண்டி, லிவிக், நூசா. பொதுவாகத் தனியாள், இருவர், நால்வர் என மூன்று பிரிவு. அதன்மேல் டிபிபி, எஃப்பிபி என இரண்டு பார்வை. ஆறு மேப் என்று மட்டும் வைத்தாலும் 36 கதவு வரை வரும். அதற்கும் மேலே ப்ரோன்ஸிலிருந்து கான்குவரர் வரை பல தரவரிசை. ஆள் குறைகிறது என்று நிறுவனம் ஒரு சின்ன மேப்பை விட்டால், நிலம் சுருங்குகிறது, கதவு ஒன்று கூடுகிறது. பெரிய மேப்பில் மிச்சமிருந்தவர்களையும் அது உருவிக்கொண்டு போகிறது. பிறகு, பார்த்தீர்களா, பெரிய மேப்பை யாரும் ஆடுவதில்லை என்கிறார்கள்.

அளவுதான் காரணம் என்றால் எராங்கலும் அல்லவா காலியாகியிருக்க வேண்டும்? மிராமார் பாலைவனமும் எட்டுக்கு எட்டுதான். ஒரே அளவு, ஒரே விதி, அதே நூறு பேர். எராங்கல் எந்த நேரத்திலும் நிரம்பும்; மிராமார் தூங்கும். பிஜிஎம்ஐ ஆடிய எவருக்கும் இது தெரியும். எராங்கலில் போச்சிங்கி இருக்கிறது, மிலிட்டரி பேஸ் இருக்கிறது. எங்கே குதித்தால் சண்டை, எங்கே குதித்தால் சாவகாசமாக லூட் எடுக்கலாம் என்பது ஏழாம் வகுப்புப் பையனுக்கும் மனப்பாடம். ஒரு மேப்பை நிரப்புவது பழக்கம். மிராமாரில் மறைய மரமில்லை, தூரத்திலிருந்து சுடுபவனுக்கு அது சொர்க்கம், மற்றவர்களுக்கு வெயில்.

அளவு அளவு என்று பேசுபவர்கள் மறக்கும் இன்னொன்று, இந்த வகை விளையாட்டின் கருவிலேயே ஒரு சுருக்கம் இருக்கிறது என்பது. நேரம் ஆக ஆக வட்டம் இறுகிக்கொண்டே வரும். சோன் என்று பையன்கள் சொல்லும் அந்த நீல வளையம், நிலத்தைக் கடிகாரக் கணக்கில் கட்டம் கட்டமாக வெட்டிக்கொடுக்கிறது. 64 சதுர கிலோமீட்டரில் தொடங்கும் ஆட்டம் கடைசியில் ஒரு வைக்கோற்படப்பு அளவுக்கு வந்து நிற்கும். வெறுமை, தேடல், பதுங்கல், நெருக்கடி, முடிவு என்ற அந்த ஏற்றமே இதன் கலை. லிவிக்கில் நேராக நெருக்கடியில் இறங்குகிறோம். நூசாவில் முடிவிலேயே தொடங்குகிறோம். விறுவிறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேட்டுக்குப் பின்னால் ஜீப் சத்தம் கேட்டு மூச்சை அடக்கிப் படுத்திருந்த அந்த நாலு நிமிடம் அங்கே கிடையாது. ஓட்டத்தையும் குறிபார்ப்பதையும் மட்டும் சோதிக்கும் களத்தில், நிலம் படிக்கத் தெரிந்தவனுக்கு வேலை இல்லாமல் போகிறது. அவன்தான் பெரும்பாலும் வயதில் மூத்தவன், விரல் வேகம் குறைந்தவன், பழைய ஆள். புது ஆளைப் பிடிக்கப் போட்ட மேப் பழைய ஆளை வெளியே அனுப்புகிறது.

சுருக்கத்தோடு சேர்ந்து வந்த மற்றொரு வைத்தியம் போட். ஆள் இல்லாத இடத்தை இயந்திர ஆளால் நிரப்புவது. மொபைலில் கீழ்த் தரவரிசை ஆட்டங்களில் இது தொடக்கத்திலிருந்தே உண்டு; கணினிப் பப்ஜியிலும் 2020இல் கொண்டுவந்தார்கள். திரையில் நூறு என்று எண் காட்டும். நின்ற இடத்திலேயே நின்று வானத்தைப் பார்த்துச் சுடும் ஒருவனை வீழ்த்தியதும், “ஏலே, இது பூரா போட்டுலே” என்று பக்கத்தில் இருப்பவன் சொல்லிவிடுவான். பெரிய மேப் வெறுமையாக இருக்கிறது என்ற புகாரில் பாதி இதிலிருந்து பிறந்தது. நூறில் ஐம்பது போட் என்றால், மனிதருக்கு மனிதர் இருக்கும் நிலம் ஆளுக்கு 316 ஏக்கர். அதை ஒளித்துவைத்துவிட்டு மேப்பின்மேல் பழி போடுவது நியாயமில்லை. சின்ன மேப்பை நான் ஓரளவு ஏற்பேன், போட்டை ஏற்க மாட்டேன்.

அப்படியானால் ஆள் குறைந்த காலத்தில் என்னதான் செய்வது? நம் ஆற்றுப்படுகையில் இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் வற்றிய ஆண்டில் எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் எந்த வயலும் நனையாது, கடைமடைக்குச் சேறுகூட வந்து சேராது. அதனால் வாய்க்காலைத் தூர்க்க மாட்டார்கள், வயலை வெட்டிச் சிறிதாக்க மாட்டார்கள். முறை வைத்துத் திறப்பார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு அவனுக்கு.

இதை விளையாட்டில் செய்து காட்டியது பிளானட்சைடு 2. 2012இல் வந்த அந்த விளையாட்டின் கண்டம் ஒவ்வொன்றும் எராங்கல் அளவே இருக்கும். ஆனால் ஆயிரம் பேர் ஒரே நிலத்தில் மோதலாம். 2015 ஜனவரியில் 1,158 பேர் ஒரே சண்டையில் இறங்கி உலக சாதனை படைத்தார்கள். அதற்கு முன்பே ஆள் குறையத் தொடங்கியிருந்தது. அவர்கள் கண்டங்களை வெட்டவில்லை. முதலில் 2013இல் முகாம்களைக் கோடு போட்டு இணைத்து, இந்த முகாமிலிருந்து அடுத்த முகாமை மட்டுமே தாக்கலாம் என்று விதி வைத்தார்கள்; நிலம் அப்படியே இருக்க, சண்டை நடக்கும் இடம் மட்டும் சுருங்கியது. பிறகு 2014இல் கண்டப் பூட்டு வந்தது: ஒரு அணி வென்றதும் அந்தக் கண்டத்துக்குத் தாழ், திறந்திருக்கும் கண்டம் குறையும். அதே ஆண்டில் அமெரிக்காவின் மேட்டர்சன், வாட்டர்சன் என்ற இரு சர்வர்களை இணைத்து எமரால்டு ஆக்கினார்கள். விளையாட்டு இளைத்தது உண்மை; அதன் பெரிய போர் மட்டும் இளைக்கவில்லை.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 2021 நவம்பரில் வந்த பேட்டில்ஃபீல்டு 2042, ஆள் எண்ணிக்கையை 64இலிருந்து 128 ஆக உயர்த்தி, நிலத்தை அதற்கும் மேலே நீட்டியது. வீரன் செத்துப் பிழைத்து மறுபடி சண்டைக்கு நடந்து வருவதற்குள் அலுத்துப்போவான். பிரேக்த்ரூ வகை ஆட்டத்தில் 128ஐ மறு ஆண்டே கைவிட்டார்கள். மேப்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தி, மறைவிடங்களைக் கூட்டினார்கள். ஆள் கூடினாலும் நிலம் வெறுமையாக இருக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

நிலம் பரந்திருந்தும் வெறுமை தெரியாத களமும் இருக்கிறது. அதைப் பிஜிஎம்ஐ போட்டிகளில் பார்க்கலாம். பதினாறு அணி, அணிக்கு நால்வர், மொத்தம் 64 பேர்; எராங்கலிலும் மிராமாரிலும் ஆடுகிறார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரே ஒருவர். சாதாரண லாபியைவிட நிலம் காலி. ஆனால் வெறுமை என்று யாரும் புலம்புவதில்லை. 64 பேரும் மனிதர்கள். எந்த அணி எந்த ஊரில் இறங்கும் என்று மற்றப் பதினைந்து அணிக்கும் தெரியும். எதிரி கண்ணில் படாத பத்து நிமிடமும் எதிரியைப் பற்றிய கணக்கிலேயே கழிகிறது.

இந்தியாவில் ஆள் குறைந்ததற்கு மேப் காரணமே இல்லாத காலங்களும் உண்டு. 2020 செப்டம்பர் 2 அன்று மைய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அக்டோபர் 30 உடன் சர்வர் நின்றது. 2021 ஜூலை 2 அன்றுதான் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 ஜூலை 28 அன்று அதுவும் ஆப் கடைகளிலிருந்து மறைந்து, மறுபடி 2023 மே மாதத்தில் வந்தது. இடைப்பட்ட காலத்தில், முன்பே இறக்கி வைத்திருந்தவர்கள் சிலகாலம் ஆட முடிந்தது. புது ஆள் நுழைய வழியில்லை. கசிவு மட்டும் உண்டு, வரத்து இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எந்தச் சின்ன மேப்பும் கைகொடுக்காது.

மேப்களுக்கு முறை வைப்பதற்கு எதிர்ப்பு வரும் என்பது தெரிந்ததே. கணினிப் பப்ஜியில் மேப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சில வட்டாரங்களில் எடுத்துவிட்டு, வருவதை ஆடு என்றபோது முணுமுணுப்பு எழுந்தது. காசு கொடுத்து உடையும் துப்பாக்கித் தோலும் வாங்கியவன் தனக்குப் பிடித்த மேப்பைக் கேட்கத்தான் செய்வான். போனில் இன்னொரு இடைஞ்சல்: ஒவ்வொரு மேப்பையும் தனியே இறக்கிவைக்க வேண்டும், இடமில்லாதவன் ஒன்றிரண்டைத்தான் வைத்திருப்பான். முறையில் வரும் மேப் அவனிடம் இல்லையென்றால் அன்றைக்கு அவனுக்கு விளையாட்டில்லை. இதனால்தான் லிவிக்கையும் டிடிஎம்மையும் எந்நேரமும் திறந்தே வைக்கலாம் என்கிறேன். மதிய இடைவேளையில் பத்து நிமிடம் கிடைத்தவனுக்கும், சின்ன போன்காரனுக்கும் அது போதும்.

கணினிப் பப்ஜிக்கு 2023 டிசம்பரில் வந்த ராண்டோ மறுபடி எட்டுக்கு எட்டு. வார்ஸோனில் 2025 ஏப்ரலில் வெர்டான்ஸ்க் திரும்பிவிட்டது. பேட்டில்ஃபீல்டு 6 பழைய 64 பேருக்கே போயிற்று. நிறுவனங்களும் இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருக்கின்றன. பெரிய மேப்களில் எராங்கலை மட்டும் நாள்தோறும் வைத்துக்கொண்டு, மிராமாருக்கு வெள்ளி, சனி இரவு எட்டு முதல் பதினொன்று வரை ஒதுக்கி, அந்த மூன்று மணி நேரம் எராங்கலை மூடி, போட் இல்லாமல், அறுபது மனிதர் சேர்ந்தாலே ஆட்டம் தொடங்கும் என்று வைத்துப் பார்க்கலாம். ஒரு சீசன் முழுக்க அப்படிச் செய்தும் நிரம்பவில்லை என்றால், அப்போது மிராமாரை வெட்டுங்கள்.