பாவம் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது

தமிழில் இரக்கத்துக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல் புழங்குகிறது: பாவம். துன்பப்படுகிறவளைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்கிறோம். அவளைத் துன்பப்படுத்தியவன் செய்ததும் பாவம்தான். முதல் பாவத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் இரண்டாவது பாவத்தைப் பற்றிக் கேட்க மறந்துபோகிறோம். துயரக் கதைகளைப் பெண்களாக நாம் வாசிக்கும்போது இந்த மறதியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கதை யாருக்காக நம்மை அழவைக்கிறது? அழுது முடிக்கும்போது யாரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம்?

அவல நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றின் வழியாகவே அவ்வுணர்வுகளைத் தணிக்கிறது என்றார் அரிஸ்டாட்டில். தனக்குத் தகாத துன்பத்தை ஒருவர் அனுபவிக்கும்போது இரக்கம் வருகிறது; அவர் நம்மைப் போன்றவராக இருக்கும்போது அச்சம் வருகிறது. இதில் ‘நம்மை’ என்பது யார்? பெண் ஆணைவிடத் தாழ்ந்தவள், வீரமும் சொல்வன்மையும் பெண் பாத்திரத்துக்குப் பொருந்தாது என்று அதே நூலில் எழுதியவர் அவர். மேடையில் பெண்ணாக நின்றவர்களும் முகமூடி அணிந்த ஆண்கள்தான். ஆக, அந்தக் கோட்பாட்டின் ‘நாம்’ ஓர் ஆண் குடிமகன். அவனுக்கு ஒரே காட்சியில் இரக்கமும் அச்சமும் சேர்ந்து வரலாம். பார்க்கிறவள் பெண்ணானால் என்ன நடக்கிறது என்பதை அவர் கேட்கவில்லை.

தொல்காப்பியம் வேறொரு வழியில் வருகிறது. மெய்ப்பாடுகள் எட்டில் அழுகையும் அச்சமும் உண்டு. அழுகைக்கு நான்கு காரணங்களைச் சொல்லும்போது இழவுக்கும் வறுமைக்கும் முன்னால் இளிவை, அதாவது இழிவுபடுத்தப்படுவதை வைக்கிறது. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு இறையையும் சேர்க்கிறது. இறை என்றால் அரசன், தலைவன், நமக்கு மேலே அதிகாரத்தோடு இருப்பவன். அவமானம் அழவைக்கிறது, அதிகாரம் அஞ்சவைக்கிறது என்ற இந்தக் கணக்கு, பெண்களின் துயரக் கதைகளுக்கு அரிஸ்டாட்டிலைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்கத் திருவண்ணாமலை மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. செய்யாறு, ஆரணி, வந்தவாசி, போளூர்ப் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில்களும் அவற்றோடு சேர்ந்த பாரதக் கூத்தும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பெயர்பெற்ற புரிசைக் கூத்து மரபும் இந்த மாவட்டத்தினுடையதுதான்.

பாரத விழாவில் பகலில் பிரசங்கியார் பாரதம் படிக்கிறார். இரவில் கூத்து நடக்கிறது. துகிலுரிதல் கூத்து நடக்கும் இரவு மற்ற இரவுகளைப் போன்றதல்ல. துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றி, இனி செய்யப்போவதற்காக அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. திரௌபதி வேடம் கட்டியிருப்பவரும் ஆண்தான். ஆனாலும் கூட்டம் கைகூப்புகிறது, அழுகிறது, சிலருக்கு அருள் வருகிறது.

ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் களத்தில் ஒரே காட்சி இரண்டாகப் பிரிகிறது. ஆணுக்கு இரக்கம் திரௌபதியின் மேல். அச்சம்? அது தருமனின் இடத்தில் இருந்து வருகிறது: தன் வீட்டுப் பெண்ணின் மானம் போனால் தன் மானம் என்ன ஆவது என்ற அச்சம். பெண்ணுடைய அச்சம் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரைப் பார்க்கும்போது வருகிறது. காப்பாற்ற வேண்டியவர்கள் எல்லாரும் உயிரோடு, பலத்தோடு, அங்கேயே இருக்கிறார்கள், யாரும் எழவில்லை. துச்சாதனனைவிட இதுதான் அவளை நடுங்கவைக்கிறது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனையும், பக்கத்து அறையில் பேசாமல் இருக்கும் மாமனாரையும் பார்த்த பெண்ணுக்கு அந்தச் சபையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தச் சபையில் திரௌபதி அழ மட்டும் செய்யவில்லை. வாதாடினாள். தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்து ஆட அவருக்கு என்ன உரிமை என்று கேட்டாள். பீஷ்மரிடமிருந்துகூட நேரான பதில் வரவில்லை. பிறகு கண்ணன் அருளால் சேலை வளர்கிறது. கூட்டம் பெருமூச்சு விடுகிறது. அச்சமும் இரக்கமும் தணிகிற கணம் அதுதான். கேள்வி காணாமல் போவதும் அதே கணத்தில்தான். அற்புதம் அவள் உடலைக் காத்தது. வாதத்துக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. நம் நினைவில் தங்கியிருப்பதும் வளர்ந்த சேலைதானே தவிர, அவள் கேட்ட கேள்வி அல்ல.

இன்னொன்றும் உண்டு. மாதவிலக்கில் ஒற்றையாடையோடு இருந்தவளைத்தான் சபைக்கு இழுத்து வந்தார்கள் என்கிறது பாரதம். அந்த விவரம்தான் கொடுமையைக் கூட்டிக் கேட்பவரை உருகவைக்கிறது. ஆனால் மாதவிலக்கில் இருக்கும் பெண் அதே அம்மனின் கோயிலுக்குள் கால் வைப்பதில்லை. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில், தலித் மக்கள் உள்ளே செல்வதை எதிர்த்து எழுந்த மோதலுக்குப் பிறகு, 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டது. அவமானப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணைத் தெய்வமாக்கி அழத் தெரிந்தவர்களால் அவள் வாசலிலேயே இன்னொருவரை அவமானப்படுத்தவும் முடிகிறது. கண்ணீர் மனத்தைத் தூய்மையாக்கும் என்பதை அப்படியே நம்பிவிட முடியாது.

நல்லதங்காள் கதையில் இது இன்னும் வெளிப்படை. பஞ்சத்துக்குத் தப்பி ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி பச்சை விறகும் ஓட்டைப் பானையும் கொடுத்து அவமதிக்கிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுகிறாள் நல்லதங்காள். பாட்டாக, நாடகமாக, சினிமாவாகத் தலைமுறைகளை அழவைத்த கதை. மிதியாவும் பெற்ற பிள்ளைகளைக் கொன்றவள்தான். அவளைப் பார்த்து கிரேக்கர்கள் அஞ்சினார்கள், நல்லதங்காளுக்காக நாம் இரங்குகிறோம். மிதியா கணவனைத் தண்டிக்கக் கொன்றாள், இவள் மானத்துக்காகத் தன்னையும் சேர்த்துக் கொன்றுகொண்டாள் என்பதே வேறுபாடு. தன்னை அழித்துக்கொள்ளும் பெண்ணுக்கு இரக்கம் எளிதாகக் கிடைக்கிறது.

அச்சம் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். அண்ணியின் மேல். கதையைக் கேட்டு வளர்ந்த பெண்கள் கற்றுக்கொண்ட பாடம், இன்னொரு வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு அஞ்ச வேண்டும் என்பது. பிறந்த வீட்டின் நிலத்திலோ களஞ்சியத்திலோ நல்லதங்காளுக்கு ஏன் ஒரு பிடி உரிமைகூட இல்லை என்று கதை கேட்கவில்லை. உரிமை இருந்திருந்தால் அவள் விருந்தாளியாக வந்து வாசலில் நின்றிருக்க மாட்டாள். அண்ணியின் மனம் நல்லதா கெட்டதா என்பதில் ஏழு உயிர்கள் தொங்கியிருக்காது. தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தந்த சட்டத் திருத்தம் 1989இல் வந்தது. நாடு முழுவதற்கும் 2005இல். சட்டம் வந்த பிறகும் ‘அண்ணன் தம்பி உறவு வேண்டும்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும் பெண்களை நாம் அறிவோம். நல்லதங்காளுக்காக அழுத கண்கள்தான் அவையும்.

திருவண்ணாமலைக் கோயிலின் சொந்தக் கதைக்கு வந்தால், இரக்கம் பெண்ணைத் தொடாமலே கடந்துபோவதைக் காணலாம். அடியவர் கோலத்தில் வந்த சிவன் தாசி ஒருத்தி வேண்டும் என்று கேட்கிறார். யாரும் கிடைக்காதபோது, சொன்ன சொல் தவறக் கூடாதென்று வல்லாள மகாராஜன் தன் மனைவி சல்லமாதேவியை அனுப்பிவைக்கிறான். அவள் தொட்டதும் சிவன் குழந்தையாகி மறைகிறார். பிள்ளையில்லாத மன்னனுக்கு மகனாக நின்று, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அண்ணாமலையார் திதி கொடுக்கிறார். கேட்பவர் மனம் நெகிழும் கதைதான். ஆனால் நாம் அஞ்சுவது மன்னனின் வாக்குப் போய்விடுமோ என்று. இரங்குவது மன்னனின் பிள்ளையில்லாத் துயருக்கு. அந்த அறைக்கு நடந்துபோன பெண்ணின் கால்கள் நடுங்கினவா என்று யாரும் கேட்பதில்லை. தருமன் செய்ததும் வல்லாளன் செய்ததும் ஒன்றுதான்: மனைவியைத் தன் சொல்லுக்கு ஈடாக வைத்தார்கள். ஒன்று சூதாகவும் மற்றது தியாகமாகவும் சொல்லப்படுகின்றன.

அப்படியானால் இந்தக் கதைகளைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம் என்பதற்கான காரணத்தைக் கூத்தே தருகிறது. துகிலுரிதலோடு பாரதக் கூத்து முடிவதில்லை. விரித்த கூந்தலோடு திரௌபதி இரவுக்குப் பின் இரவாக நிற்கிறாள். அன்று விட்ட பெருமூச்சு போதாது என்பதை அந்தக் கூந்தல் கூட்டத்துக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் படுகளத்தன்று காலையில், மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவின் தொடை பிளக்கப்பட்ட பிறகுதான் கூந்தல் முடிகிறது. அதன் பின்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. துரியோதனனை இழந்த பெண்ணாக, தாயாகவோ மனைவியாகவோ வேடமிட்டவர் அந்த மண்ணுடலின் மேல் விழுந்து ஒப்பாரி வைக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. திரௌபதிக்காகப் பல இரவுகள் காத்திருந்த பெண்கள் எதிரியின் வீட்டுப் பெண்ணுக்காகவும் அழுகிறார்கள். போரை முடிவுசெய்தது அவள் அல்ல என்பதும், அதன் விலையைக் கொடுப்பது அவள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

எனவே, துயரக் கதை ஒன்றை வாசித்துக் கண் கலங்கும்போது அந்தக் கலக்கத்தைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அதோடு எழுந்துவிடாமல் இருக்க வேண்டும். நான் அஞ்சுவது யாருக்கு? கதை என்னை அஞ்சச் சொல்வது யாருக்கு? இரண்டும் ஒருவர்தானா? இவள் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்களா? இந்தக் கேள்விகளோடு வகுப்பறையில் ஒருமுறை நல்லதங்காளையும் சல்லமாதேவியையும் திறந்து பாருங்கள். ‘பாவம்’ என்ற சொல்லின் இரண்டாவது பொருள் அங்கே நமக்காகக் காத்திருக்கிறது.